இரவல் கை

அந்த இல்லத்தில் இருப்பவர்களுக்கு யார் பெயரும் நினைவில் நிற்காது. ஆகவே அங்கே வேலை பார்க்கிறவர்களும் நாளடைவில் தங்கள் பெயரை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார்கள். நிர்வாகத்தைக் கவனிக்கும் அம்மாள் மேட்ரன். எண்ணெய்ப் புட்டியும் துவாலையுமாக அறை அறையாகப் போய்வருகிறவள் எண்ணெயக்கா. மறதி நோய் முற்றியவர்களுக்கு மசாஜ் செய்வது அவள் வேலை. முன்பு ஓட்டப்பந்தயக்காரர்களின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், பதினாறு வருடமாக இங்கே இருக்கிறாள். "ஊர்ல இருக்கிற முதுகெல்லாம் உனக்குச் சொந்தம், என் முதுகு மட்டும்தான் அந்நியம்" என்று அவள் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார். குறையில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தன் கைக்குத் தெரியாமல் ஓர் உடம்பு எதையும் ஒளித்து வைக்க முடியாது என்று அவள் நம்பினாள். வாய் பொய் சொல்லும், முகம் நடிக்கும், தோள்பட்டை பொய் சொல்லாது என்பாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பதினாறு வருடம் எல்லோரும் தலையாட்டிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது.

வேலையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. பின்னாலிருந்து போய்த் தொடக்கூடாது. எதிரே போய், கண்ணில் பட்டு, "நான்தான், எண்ணெயக்கா வந்திருக்கேன். தொடட்டுமா?" என்று கேட்க வேண்டும். நேற்றுக் கிடைத்த அனுமதி இன்றைக்குச் செல்லாது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடுபண்ணி, உடம்பின் மேல் சும்மா வைத்து, மூன்று மூச்சு காத்திருக்க வேண்டும். விலகினால் கையை எடுத்துவிட வேண்டும். விலகாவிட்டால், மூக்கால் எதையோ முனகிக்கொண்டே தொடங்குவாள். அது பாட்டும் இல்லை, ராகமும் இல்லை, அடுப்பில் தண்ணீர் சுடத் தொடங்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். அதைக் கேட்டே பாதிப்பேர் கண்ணயர்ந்துவிடுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் உடம்புப் படம் வைத்திருந்தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, வெறும் கோட்டுப் படம். தொட்டால் பிடிக்கிற இடத்தில் பச்சைப் பென்சில், தொடவே விடாத இடத்தில் சிவப்பு.

எட்டாம் அறையில் டெலிபோன் அம்மா இருந்தார். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். பிள்ளை பெயர், வீட்டு விலாசம், பசி எல்லாம் போனபிறகும் அந்த வேலை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. யார் உள்ளே வந்தாலும் "லைன்ல இருங்க" என்பார். சோதிக்க வந்த மருத்துவரிடமே, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?" என்று கேட்டவர். மருத்துவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஆனால் சில காலைகளில் இல்லாத கருவியைக் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, "அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. பேசத்தான் மாட்டேங்கறாங்க" என்று கிசுகிசுப்பார். அப்போது அறையில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவருடைய படத்தில் மூன்று சிவப்பு. பிடரி, இடது மேற்கை, வலது மணிக்கட்டு. மணிக்கட்டு எப்போதோ ஒடிந்து, சரியாகச் சேராமல் கோணியிருந்தது. வயதானவர்கள் விழுவது சகஜம் என்று எண்ணெயக்கா விட்டுவிட்டாள். ஆறு மாதம் பொறுமையாக உட்கார்ந்து மூன்றையும் பச்சையாக்கினாள். பிடரிக்கு மட்டும் நாலு மாதம் பிடித்தது. அங்கே கை வைக்க விட்ட அன்று, அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையை அப்படியே அவள் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் "வா, வா" என்பார். எண்ணெயக்காவுக்கு அந்த ஒரு சொல் போதும், அன்றைய நாள் முழுக்க வயிறு நிறைந்திருக்கும்.

அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பத்துமணி மாப்பிள்ளை. வயது எழுபத்தெட்டு. காலை பத்தடிக்கும்போது வாசலில் நிற்பார். மழமழவென்று மழித்த கன்னம், இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு டப்பாவில் தோல் சீவி நறுக்கிய பழம். அவரைப் பார்த்ததும் அம்மா கையை உதறுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வீட்டில் இருந்தபோது அவர் குளிப்பாட்டப் போனால் அம்மா தெருவுக்கே கேட்கும்படி அலறியிருக்கிறார். அதனால்தான் இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று. கட்டின துணையையே யாரோ எவரோ என்று விரட்டுவது இந்த நோயில் வழக்கம்தான். ஆகவே எல்லோரும் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "குடுத்துவச்சவங்க. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்பாள் மேட்ரன். தூரத்தில் ஒரு பிள்ளை இருந்தான். மாதம் ஒருமுறை மேட்ரனுக்குப் போன் செய்து அம்மாவைப் பற்றிக் கேட்பான். அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டான். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் பத்துமணி மாப்பிள்ளை எண்ணெயக்காவை நடைவழியில் நிறுத்தினார்.

"அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. என் கையாலயே பார்த்துக்கணும். உங்க கைய மட்டும் எப்படி விடறா? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் தொடுகையை நோயாளி ஏற்றுக்கொள்கிறார் என்று எண்ணெயக்கா எழுதிக் கொடுத்தால்தான் மருத்துவர் அனுப்புவார். அது அந்த இல்லத்தின் விதி. அவளுக்கு மாப்பிள்ளை மேல் இரக்கம் வந்தது. கூடவே, இதையும் சாதித்துக் காட்டலாமே என்று அந்தக் கர்வமும் எட்டிப் பார்த்தது.

சாதித்தும் காட்டினாள். மசாஜின்போது வெதுவெதுப்பான துணியை அம்மாவின் கண்மேல் போடுவது அவள் வழக்கம். துணியைப் போட்டபின், தன் கைமேல் மாப்பிள்ளையைக் கை வைத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு நாள் அப்படி. பிறகு அவர் கை அடியில், அவள் கை மேலே. பிறகு ஓசைப்படாமல் தன் கையை உருவிக்கொண்டாள். தன்னுடைய லாவெண்டர் எண்ணெயையே அவருக்குக் கொடுத்தாள். எவ்வளவு அழுத்தம், எங்கே வளைவு, எத்தனை சுற்று என்று எல்லாம் கற்றுக்கொடுத்தாள். அவர் கெட்டிக்கார மாணவர், முனகலைக்கூட அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டார். எண்ணெயக்கா எதிரே நின்று "தொடட்டுமா?" என்று கேட்பாள், அவர் தொடுவார். கேட்டது ஒருவர், தொட்டது இன்னொருவர். பதினாறு வருடமாக மீறாத முறையை மீறினாள், மீறுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா உதறவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. அசையவே இல்லை. எண்ணெயக்கா குறிப்பேட்டில் 'அமைதி' என்று எழுதினாள். மறுநாளும் அமைதி. பதினோரு நாள் தொடர்ந்து அதே சொல்லை அழகான கையெழுத்தில் எழுதினாள். மேட்ரன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். மருத்துவர் வரும் தேதி குறித்தாகிவிட்டது. அவர் வந்துபோன மறுநாளே அம்மா வீட்டுக்குப் போகலாம்.

மருத்துவர் வருவதற்கு முந்தின நாள் காலை அவள் துவாலைகளை எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்துகொண்டிருந்தாள். எட்டாம் அறையிலிருந்து அவளுடைய முனகல் சத்தம் கேட்டது. அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் சத்தம் அவளுடையதுதான், அந்த ஏற்றமும், நடுவில் மூச்சு வாங்கும் இடமும் உட்பட. லாவெண்டர் வாசனையும் அவளுக்கு முன்னால் போய் அங்கே நின்றிருந்தது. நான் இங்கே நிற்கிறேன் என்றால் உள்ளே இருப்பது யார் என்று ஒரு நொடி அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது. பிறகு, சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு உள்ளே போனாள்.

அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்மேல் துணி. எண்ணெயக்கா வரும்வரை காத்திராமல் மாப்பிள்ளை பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பிடரியை நீவிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. சும்மா நிற்பானேன், காலையாவது பிடித்துவிடலாம் என்று எண்ணெயக்கா போர்வையைக் கீழ்ப்பக்கமாக விலக்கினாள்.

பத்து விரலும் உள்ளே மடங்கியிருந்தன. பாதம் வில்லாக வளைந்து, குதிகால் மெத்தையில் புதைந்திருந்தது. நரம்பு இழுத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துப் பாதத்தைப் பிடித்தாள். கட்டை மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விலா ஏறி இறங்கவில்லை. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள் இருந்த கைகளில் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி இறுகியிருந்தது. துணிக்குக் கீழே வாய் மட்டும் ஒன்றும் தெரியாதது போல் சாந்தமாக இருந்தது.

மாப்பிள்ளை எண்ணெய் தொட்டுக்கொள்ளக் கையை எடுத்தார். மூச்சு வெளியே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கை பிடரிக்குத் திரும்பியது, விரல்கள் மடங்கின.

"அய்யா, கைய எடுங்க" என்றாள். எடுத்தார். விரிந்தன.

"மறுபடி வைங்க."

வைத்தார். மடங்கின. அந்த இன்னொரு தடவை அவள் சோதித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

எண்ணெயக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. உதறாமல் கிடந்ததை அமைதி என்று எழுதியிருக்கிறாள். அசைந்தால் இன்னும் நீளும், அசையாவிட்டால் சீக்கிரம் முடியும் என்று அந்த உடம்பு என்றைக்கோ கற்று வைத்திருக்கிறது. பிடரி, மேற்கை, மணிக்கட்டு. ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டுமென்றால் அந்த மூன்று இடத்தில்தான் பிடிப்பான். ஆறு மாதம் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பென்சில் சீவிச் சீவி வண்ணம் தீட்டினாளே தவிர, படத்தைப் படிக்கவில்லை. நோய் அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு நன்மை செய்திருந்தது, அலறும் தைரியத்தைக் கொடுத்திருந்தது. அதையும் இவள் பதினோரு நாளில் பிடுங்கிவிட்டாள். திருடன் கையில் சாவியைக் கொடுத்ததோடு நில்லாமல் பூட்டுக்கு எண்ணெயும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

மாப்பிள்ளையை வெளியே அழைத்துவந்து, துவாலை அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீங்க அவங்கள அடிச்சிருக்கீங்களா?"

அவர் கையிலிருந்த துவாலையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். "யாரு சொன்னா? பையனா?"

"யாரும் சொல்லல."

நடைவழிக் கோடியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அவர் துவாலையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"வேலையவிட்டு ரிட்டயர் ஆனப்புறம் கை நீட்டினதில்லம்மா. பதினெட்டு வருஷம். கோபத்துல ஒரு விரல் படல. அந்தக் காலத்துல எனக்குக் கோபம் வரும். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாங்க இல்லயா..."

அந்தப் பழமொழியைச் சொல்லிவைத்தவன் அடி வாங்கினவனாக இருக்க முடியாது.

"மன்னிப்புக் கேட்டேன்மா. நாலு வருஷம் முன்னாடி, கையப் பிடிச்சுக் கேட்டேன். அவ சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. யோசிச்சுச் சொல்றேன்னா. யோசிச்சுச் சொல்றதுக்குள்ள மறந்துட்டா. அவளுக்கு இப்ப ஒண்ணும் ஞாபகமில்ல. எல்லாம் எனக்குத்தான் ஞாபகம் இருக்கு. எந்த நாள், எந்தக் கதவு, அன்னைக்கு அவ என்ன நிறம் உடுத்தியிருந்தா, எல்லாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, ஒரு தடவயாவது அவளா என் கையப் பிடிப்பா. அது போதும் எனக்கு."

அவர் அழுதார். பொய்யழுகை என்றால் எண்ணெயக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது பொய்யழுகை இல்லை.

"நான் எழுதித் தரமாட்டேன் அய்யா."

"பதினோரு நாள் அமைதின்னு நீங்கதானே எழுதினீங்க?"

"தப்பா எழுதிட்டேன்."

"அவளுக்குத்தான் மறந்துபோச்சேம்மா!"

"அவங்களுக்கு மறந்துபோச்சு. காலுக்கு மறக்கல."

மேட்ரன் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "கால் விரல் மடங்கிச்சுன்னு சொன்னா டாக்டர் என் முகத்தப் பார்த்துச் சிரிப்பார். பதினோரு நாளும் கையெழுத்துப் போட்டது நீதானே? அப்ப உன் கை எங்க போச்சு?" என்றாள். கேள்வி சரியான கேள்வி. எண்ணெயக்கா அங்கேயே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்து, பதினோரு 'அமைதி'யையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனிமேல் அவள் எழுதுவதை யார் நம்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மேட்ரன் அந்தப் பக்கங்களை வெகுநேரம் புரட்டினாள். பிறகு, மாதம் ஒருமுறை போன் செய்கிற பிள்ளையைத் தானே கூப்பிட்டு, அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாமா என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் நெடுநேரம் மூச்சு விடும் சத்தம் கேட்டதாம். கடைசியில், "அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

மருத்துவர் அனுப்பவில்லை. அம்மாவின் வீட்டுக்காரர் இனி மனைவியைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும் வரலாம் என்று முடிவாயிற்று. அவர் மறுத்துப் பேசவில்லை. இப்போதும் பத்தடிக்கும்போது வருகிறார். கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பழ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டுக்குக் கிளம்பிப் போகிறார். ஊழியர்கள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

எண்ணெயக்கா நாலு நாள் அம்மாவைத் தொடாமல் விட்டாள். உடம்பு ஆறட்டும் என்று நினைத்தாள். எப்படியோ தடுத்துவிட்டோம், இனி பழையபடி பிடரியிலிருந்து தொடங்கலாம் என்று ஓர் ஆசை. ஐந்தாம் நாள், அவர் வருவதற்கு வெகு முன்பாகவே, எட்டாம் அறைக்குப் போனாள். எதிரே போய்க் கண்ணில் பட்டு நின்றாள்.

"நான்தான்மா, எண்ணெயக்கா வந்திருக்கேன். தொடட்டுமா?"

அம்மா அவளைப் பார்த்தார். பார்வை முகத்திலிருந்து இறங்கிக் கைக்கு வந்து, எண்ணெய்ப் புட்டியில் நின்றது. "வா, வா" என்று சொல்லவில்லை. தட்டிலிருந்த துணியைத் தானே எடுத்து, தானே கண்மேல் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

"சரிங்க" என்றார்.

எண்ணெயக்கா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடுபண்ணி, நாலு மாதம் காத்திருந்து தனக்கென்று கிடைத்த அந்தப் பிடரியில் சும்மா வைத்தாள். மூன்று மூச்சுக்குக் காத்திருந்தாள். ஒரு மூச்சுகூட வரவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களை அவள் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

கையை எடுத்தாள். குழாயடிக்குப் போய் சோப்பைப் போட்டுப் போட்டுக் கழுவினாள். முழங்கைவரை தேய்த்தாள். முகர்ந்து பார்த்தால் லாவெண்டர் போகவில்லை. அந்த மனிதருக்குக் கொடுத்த தொடுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழியே இல்லை, இனி இது தன் கை என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. திரும்பி வந்து, கட்டிலைத் தொடாமல், தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்மேல் துணியோடு, சுவரைப் பார்த்தபடியே அம்மா கேட்டார். "முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுதும்மா" என்றாள் எண்ணெயக்கா.

அம்மா நம்பவில்லை. துணியை எடுக்காமல், விரல்களை விரிக்காமல், அப்படியே கிடந்தார்.